பியூசுக்கு முன்னால் போகும் வயர்

ஆறு வருடமாக எரிந்த கார் ஒன்று என் பெயரில் நிற்கிறது. நான் எரிக்கவில்லை. ஆனால் காரை விற்ற ஏஜன்சிக்காரன் அடித்துக் கொடுத்த கடதாசியில் எரித்தவன் நான்தான்.

அது கலகெதரையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஜமால்தீன் ஹாஜியாருடைய கார். லூமா என்று ஒரு சின்னக் கார். வாகன இறக்குமதி நிற்பதற்கு முந்திய இரண்டு மூன்று வருடத்தில் கண்டியில் மூலைக்கு மூலை அதைத்தான் வாங்கினார்கள். 2019இல் ஹோர்ன் அடிக்கவில்லை என்று கட்டுகஸ்தோட்டை வீதியில் இருக்கும் என் கராஜுக்குக் கொண்டுவந்தார். நான் வயரிங் பாஸ், அதாவது வயர் மேஸ்திரி. முப்பது வருடமாகக் கார், வேன், பஸ் எல்லாவற்றுக்கும் வயர் வேலைதான் பார்க்கிறேன். ஹோர்னைக் கழற்றினேன், ஊத்தையைத் துடைத்தேன், மாட்டிக் கொடுத்தேன். கால் மணித்தியால வேலை. பதினெட்டாம் நாள் அந்தக் கார் கலகெதர ஏற்றத்தில் எரிந்து போனது. ஹாஜியார் பாய்ந்து இறங்கித் தப்பினார்.

ஹோர்ன் இருப்பது முன் பம்பருக்குப் பின்னால். நெருப்பு வந்தது உள்ளே, இடது பக்க டாஷ்போர்டில் சாமான் வைக்கும் லாச்சிக்குப் பின்னால். இரண்டுக்கும் இருக்கிற சம்பந்தம் என் தலைமயிருக்கும் உங்கள் செருப்புக்கும் இருக்கிற சம்பந்தம்தான். ஏஜன்சிக்காரன் வந்தான், படம் பிடித்தான், போனான். "தகுதியற்ற வெளியாள் கை வைத்ததால் ஏற்பட்ட தீ" என்று எழுதினான். நான் நாலாம் வகுப்போடு நின்றவன்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் எந்த வயர் எங்கே ஓடுகிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அவன் கண்ணைத் திறந்துகொண்டே பார்க்கவில்லை.

ஹாஜியார் ஒருநாள் கராஜ் வாசலில் நின்று சொன்னார். "பாஸ், நான் உங்களச் சொல்லல்ல. கடதாசிதான் சொல்லுது. கடதாசிக்கி வாய் ஈக்கிது, எனக்கு இல்ல." அதன் பிறகு அவர் வீட்டு வண்டி ஒன்றும் என் பக்கம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னைக் கண்டு "கார் எரிக்கிற ரவிகுமார் போறான்டா" என்று சிரித்தவர்களும் உண்டு. நான் எழுத வந்தது கஜலட்சுமியைப் பற்றி. ஆனால் இதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. ஆறு வருடத்தில் "நீங்க அங்க என்னதான் பார்த்தீங்க?" என்று என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

மஹய்யாவையில் எல்லாரும் அவரைக் கஜா மிஸ் என்பார்கள். அப்பா கறுப்பையா மாநகர சபைத் தொழிலாளி. பெரஹரா ஊர்வலம் முடிந்த காலையில் யானை லத்தி அள்ளி வீதி கூட்டியவர். மகள் அதே மாநகர சபையில் லிகிதராக உட்கார்ந்து முப்பத்தொரு வருடம் வேலை செய்து பென்ஷன் வாங்கினார். கல்யாணம் கட்டவில்லை. அக்கா வடிவம்மாவோடு ஒரே வீட்டில் இருந்தார். வடிவம்மாவுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டது. பஸ் படி ஏற முடியாது. அவரை கிளினிக்குக் கூட்டிப்போகத்தான் கஜா மிஸ் ஐம்பத்துநாலு வயதில் கார் ஓட்டப் பழகினார். இரண்டு தரம் ஃபெயில். மூன்றாம் தரம் பாஸ். பிறகு லூமா வாங்கினார், வெள்ளை நிறம். அந்தச் சந்தில் யாரும் கார் வைத்திருந்ததில்லை. நிறுத்த இடமும் இல்லை. கோயில் மதிலோரம் நிறுத்திவிட்டு ஐம்பத்தாறு படி ஏறி வீட்டுக்குப் போவார்.

ஓட்டுவது கூத்து. முப்பதுக்கு மேல் போகமாட்டார். கலஹா ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் ஹோர்ன் அடிப்பார், எதிரே காகம்கூட இருக்காது. பின்னால் வரும் பஸ்காரன் கத்தினால் கண்ணாடியை இறக்கி, "அவசரம்னா மேலால போ" என்பார்.

எனக்கு அந்த மனுஷியைப் பிடிக்காது. அதுதான் உண்மை. முதல் தடவை கராஜுக்கு வந்தபோது சிக்னல் லைட் ஒன்று எரியவில்லை. நான் பல்பைக் கழற்றக் குனிந்தேன்.

"கை வைக்காதீங்க! என்ன பழுதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பல்பு போயிருக்கு மிஸ். ரெண்டு நிமிஷம்."

"வாரண்டி புத்தகத்துல வெளியாள் கை வைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. ஏஜன்சில மாத்திக்கிறேன்."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

"அவன் பொய் சொன்னா கண்டுபிடிக்க."

சாப்பாட்டுக் கடைக்கு வந்து வாசம் மட்டும் பிடித்துவிட்டுப் போகிறவரைப் போல. வாரண்டி முடிந்த பிறகும் அப்படித்தான். அந்தக் காரில் ஏஜன்சிக்காரனைத் தவிர யாரும் ஒரு ஆணி தொட்டதில்லை. ஒவ்வொரு சர்விஸுக்கும் சீல் வாங்கி, அந்தச் சீலின் கீழே அவரும் தேதி போட்டுக் கையெழுத்து வைத்திருப்பார்.

2021 கடைசியில் கலஹாப் பக்கம் ஒரு டீச்சர், நிலூஷா என்று பெயர், அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும்போது அவளுடைய லூமா எரிந்தது. அம்மாவின் சீட் பெல்ட் சிக்கிக்கொண்டது. அந்தப் பெண் நெருப்புக்குள்ளே கையை விட்டு பெல்ட்டைக் கழற்றி அம்மாவை வெளியே இழுத்தாள். அம்மா பிழைத்தார். பிள்ளையின் இரண்டு கையும் முழங்கைவரை வெந்து போனது. அக்காவை கிளினிக்குக் கூட்டிப்போன இடத்தில் கஜா மிஸ் அவளைக் கண்டிருக்கிறார். பேனை பிடிக்க முடியாமல், கையெழுத்துக்குப் பதிலாகக் கால் பெருவிரலால் அடையாளம் வைத்துக்கொண்டிருந்தாளாம். ஏஜன்சி அவளுக்கும் அதே கடதாசிதான் கொடுத்திருந்தது. வெளியாள் கை வைத்தது. அவள் ரேடியோ மாற்றியிருந்தாள், அது போதும் அவனுக்கு.

அடுத்த நாளே கஜா மிஸ் என் கராஜுக்கு வந்தார். பழைய பஸ் சீட் ஒன்று கிடக்கும், அதில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார்.

"பாஸ், ஜமால்தீன் ஹாஜியார் கார் எரிஞ்சப்ப நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"அங்க என்னதான் பார்த்தீங்க?"

எழுந்து போய் ஒரு வயர்த் துண்டும் ஒரு தகரமும் எடுத்து வந்து காட்டினேன். பேட்டரியில் இருந்து தடித்த சிவப்பு வயர் ஒன்று உள்ளே வருகிறது. லாச்சிக்குப் பின்னால் ஒரு இரும்புத் தாங்கி இருக்கிறது. அதன் விளிம்பு கத்தி மாதிரி. வயர் அதன் மேலே கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு ரப்பர் வைத்திருக்க வேண்டும், கம்பனிக்காரன் வைக்கவில்லை. சமதரையில் ஓடினால் பத்து வருடம் ஒன்றும் ஆகாது. எங்கள் மலை ரோட்டில் குலுங்கிக் குலுங்கி உரசி, தோல் போய், செம்பு இரும்பைத் தொடுகிறது.

"தொட்டா பியூஸ் போகணுமே? அதுக்குத்தானே பியூஸ்?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான் எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை வந்தது. "பியூஸ் அதுக்குப் பிறகுதான் வருது மிஸ். உரசுறது பியூசுக்கு முன்னால. தடுக்க ஒண்ணும் இல்ல. சாவியை எடுத்துட்டுப் போனாலும் அந்த வயர்ல கரண்ட் ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

தகரத்தின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "அப்ப விக்கும்போதே எரியிற மாதிரித்தான் வித்திருக்கான்" என்றார்.

ஒன்றை மட்டும் நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

வெளிநாட்டில் இப்படி ஒரு பிழை தெரிந்தால் கம்பனியே விற்ற வண்டி எல்லாவற்றையும் திருப்பிக் கூப்பிட்டு, காசு வாங்காமல் சரிபண்ணிக் கொடுக்குமாம். ரீகோல் என்று சொல்கிறார்கள். கஜா மிஸ் தேடிப் பார்த்தால் இதே லூமாவை, இதே வயருக்காக, வேறொரு நாட்டில் ஏற்கனவே கூப்பிட்டுச் சரிபண்ணியிருக்கிறான்! அந்த நாட்டுக்காரன் உயிர் உயிர், நம்முடையது கடலைத்தோல். ஏஜன்சிக்கு எழுதினார். "இலங்கைக்கு வந்த வண்டிகளில் அப்படியான முறைப்பாடு இல்லை" என்று பதில் வந்தது. முறைப்பாடு இல்லையா? இருக்கிறதா இல்லையா என்று காட்டுகிறேன் என்று கிளம்பினார்.

எப்படிக் காட்டினார் என்பதைக் கேளுங்கள். 2022. பெட்ரோல் இல்லை. கெட்டம்பேயில் இருந்து பேராதனை வரைக்கும் வண்டி வரிசை. இரண்டு நாள், மூன்று நாள் சனங்கள் வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். நாங்கள் எல்லாரும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தோம். கஜா மிஸ் தடித்த அட்டை போட்ட ஒரு பெரிய சீஆர் கொப்பியும் அடிமட்டமும் குடையும் எடுத்துக்கொண்டு வரிசை ஓரமாக நடந்தார். லூமா கண்ட இடத்தில் எல்லாம் கண்ணாடியைத் தட்டினார். ஓடிப்போக முடியாத சனம், வேறு வேலையும் இல்லை. இந்த மாதிரி ஒரு சந்தர்ப்பம் வேறு யாருக்குத் தோன்றும்?

"லாச்சிப் பக்கம் ரப்பர் கருகின வாசம் வருதா?"

"வருது மிஸ், மழை நாள்ல."

"பெயர், வண்டி நம்பர், எந்த மாசத்துல இருந்து?"

ஒருத்தன் சிரித்தான். "மிஸ், வண்டி எரியணும்னா முதல்ல உள்ள பெட்ரோல் இருக்கணுமே! இப்போதைக்கு நாங்க எல்லாம் ரொம்பப் பாதுகாப்பு."

"சிரிங்க தம்பி. டேங்க் நிறைஞ்ச பிறகு இதே மாதிரி சிரிங்க, வந்து பார்க்கிறேன். இப்ப நம்பரைச் சொல்லுங்க."

சிங்களவர், முஸ்லிம், நம்ம ஆட்கள் என்று நாற்பத்துமூன்று வண்டி. அவருடையதையும் சேர்த்து. ஆளுக்கொரு பக்கம். ஜமால்தீன் ஹாஜியாரிடமும் போய்க் கையெழுத்து வாங்கி வந்தார். எனக்குச் சொல்லவில்லை, கொப்பியில் பார்த்துத்தான் தெரியும்.

பிறகு கடிதம். கம்பனிக்கு, ஏஜன்சிக்கு, கொழும்பில் இப்படியான முறைப்பாடு விசாரிக்கும் ஒரு அரசாங்கக் கந்தோருக்கு. எல்லாம் பதிவுத் தபால். ஒவ்வொரு கடிதத்திலும் மேலே ஒரு இலக்கம். பதில் வராவிட்டால் பதினைந்தாம் நாள் அடுத்த கடிதம், "எனது இலக்கம் பன்னிரண்டுக்குப் பதில் இல்லை" என்று. முப்பத்தொரு வருடம் மற்றவர் கடிதத்தைக் கையாண்டவர். எதைக் குப்பைத்தொட்டியில் போட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஒன்றரை வருடம் அப்படியே போனது. அதற்குள் கொப்பியில் இருந்த இரண்டு வண்டி எரிந்தது, இரண்டும் என் கராஜுக்கு வராதவை. ஆட்கள் தப்பினார்கள். ஏஜன்சிக்காரனுக்குச் சூடே ஏறவில்லை.

2024 தொடக்கத்தில் கந்தோரில் இருந்து நெருக்கியதால் ஏஜன்சி இறங்கி வந்தது. பத்து வண்டியைக் கொண்டுவாருங்கள், எல்லார் முன்னாலும் திறந்து பார்ப்போம் என்றார்கள். கஜா மிஸ் நன்றாகப் பராமரித்த பத்து வண்டியாகத் தேர்ந்து கூட்டிப் போனார். நான் போகவில்லை. அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்று ஒரு ஆத்திரம்.

பின்னேரம் நாலு மணிக்கு என் கராஜுக்கு வந்தார். குடையை மடக்கவில்லை. ஒரு கறுப்பு ரப்பர்த் துண்டை என் மேசையில் போட்டார்.

"இது என்ன?"

"சைக்கிள் டியூப்."

"அது எனக்கும் தெரியும். லாச்சிக்குப் பின்னால, அந்த வயரைச் சுத்தி, ஒரே மாதிரி வெட்டி, ஒரே மாதிரிக் கட்டி, ஒன்பது வண்டியில இருந்துச்சு. பத்தாவதுல எவனோ டேப் சுத்தியிருக்கான். யாரு போட்டது?"

நான்தான் போட்டேன். அதைத்தான் முதலில் சொல்லவில்லை.

ஹாஜியாரின் கார் எரிந்ததைப் பார்த்த பிறகு, எந்த லூமா என்ன வேலைக்கு வந்தாலும், லாச்சியைக் கழற்றி அந்த வயருக்கு ஒரு துண்டு சைக்கிள் டியூப் சுற்றி இறுக்கிக் கட்டிவிடுவேன். ஐந்து நிமிட வேலை. வண்டிக்காரனிடம் சொல்வதில்லை. எங்கள் தொழிலில் அப்படித்தான். சின்ன வேலையை வாய்விட்டுச் சொன்னால் அது கை நீட்டுவது மாதிரி. என் பெரிய பாஸ் எனக்குப் பழக்கியது அது. நானும் அப்படியே இருந்துவிட்டேன்.

"எத்தனை வண்டிக்கு?"

"கணக்கு இல்ல மிஸ். வந்த எல்லாத்துக்கும்."

"அங்க என்ன நடந்துச்சு தெரியுமா? முதல் வண்டியைத் திறந்தான். டியூபைக் காட்டி, 'பிட்ட கெனெக் அத்த கஹலா'ன்னான். வெளியாள் கை வச்சிருக்கான்னு. ரெண்டாவதைத் திறந்தான். அதே வார்த்தை. மூணாவதுக்கு மெனேஜர் சிரிக்கத் தொடங்கிட்டான். ஒன்பதாவதுக்கு நம்ம ஆட்களே என்னை ஒரு மாதிரிப் பார்த்தாங்க. ஏன் சொல்லல? அன்னைக்கு இதே சீட்ல இருந்து கேட்டேனே, ஏன் சொல்லல?"

"சின்ன வேலை மிஸ். சொன்னா காசு கேக்கிற மாதிரி…"

"உங்க நல்ல மனசு நாசமாப் போக!"

அந்த மனுஷி சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பக்கத்து டயர் கடைக்காரன் எட்டிப் பார்த்தான். எனக்கும் ஏறிவிட்டது. "அந்த டியூப் இல்லன்னா உங்க கொப்பியில பாதிப் பேருக்கு இன்னைக்குத் திவசம்!" என்று நானும் கத்தினேன்.

"அது எனக்கு விளங்குது. அவனுக்கு விளங்க வேணாம். அவனுக்கு வேண்டியது ஒரு வெளியாள் கை. நீங்க வண்டி வண்டியா வச்சுக் குடுத்திருக்கீங்க."

"எல்லாத்தையும் கழட்டிடவா?"

"கழட்டினா?"

"எரியும்."

குடையை மடக்கி வைத்தார். "என் வண்டியில இல்லையே?" என்றார்.

"உங்க வண்டியைத் தொட விட்டாத்தானே."

அப்படித்தான் வெள்ளை லூமா ஒன்று மட்டும் மிஞ்சியது. நாற்பத்துமூன்றில் வெளியாள் கைபடாத ஒரே வண்டி. வாசம் வருகிறது, வயர் உரசுகிறது, பிறந்த மேனிக்கு இருக்கிறது. அதை அரசாங்கப் பரிசோதகர் வந்து திறந்தால் ஏஜன்சிக்காரனுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதுவரை அது எரியாமல் இருக்க வேண்டும், யாரும் தொடாமலும் இருக்க வேண்டும்.

எரியாமல் இருக்க பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்றேன். நான் கழற்றினால் மறுபடியும் வெளியாள். கஜா மிஸ் என்ன செய்தார் தெரியுமா? ஏஜன்சிக்கே போன் எடுத்து, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, பேட்டரியைக் கழற்றிப் பார்க்க ஆள் அனுப்புங்கள் என்றார். அவர்களுடைய மெக்கானிக் வந்து கழற்றினான். கழற்றியதும், "இனி மாட்ட வேணாம், இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று கொப்பியை நீட்டினார். "இன்ன தேதி, இன்ன நேரம், ஏஜன்சி ஊழியரால் பேட்டரி அகற்றப்பட்டது. வயரிங்கில் வேறு யாருடைய வேலையும் காணப்படவில்லை." அந்தப் பொடியன் வாசித்துப் பார்த்துவிட்டுப் போட்டான். பிறகு ஏஜன்சியில் அவனுக்கு என்ன நடந்ததோ தெரியாது.

அதோடு ஏஜன்சிக்கும் விளங்கிவிட்டது. மெனேஜரே பேசினான். மெடம், உங்கள் வண்டியை மட்டும் கொண்டுவாருங்கள், புது வயர் முழுக்க இலவசமாகப் போட்டுத் தருகிறோம், ஒரு கையெழுத்துப் போதும்.

"மிச்சம் நாப்பத்திரண்டு?"

"அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம் மெடம்."

"அப்ப இதைப் பற்றியும் பேச வேணாம்."

வடிவம்மா அக்காவுக்கு இதில் பெரிய கோபம். ஐம்பத்தாறு படியும் நான்கு பேர் கதிரையில் வைத்துத் தூக்கிவந்து, பிறகு ஆட்டோவில் குலுங்கிப் போக வேண்டும். "உன் நியாயத்துக்கு என் முட்டிதான் கிடைச்சுதா? அவன்தான் சும்மா போட்டுத் தாறேங்கிறான்ல!" என்று என் முன்னாலேயே ஏசினார். தங்கச்சி அக்கா காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். வலிக்கிற இடத்தில் கொஞ்சம் அழுத்தித்தான் தேய்த்தார் என்று எனக்குப் பட்டது.

ஒன்றரை வருடம் கார் கோயில் மதிலோரம் தார்ப்பாய்ப் படங்கு மூடிக் கிடந்தது. நாலு டயரும் காற்றுப் போனது. கஜா மிஸ் பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வந்து காரைச் சுற்றி பூச்சி உருண்டை போடுவார். எலி கடித்தால் அவன் எலியையும் வெளியாள் என்று எழுதுவான் என்பார். சந்துச் சனங்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே காவல் காத்தார்கள். படங்கைத் தூக்கிப் பார்த்த ஒரு இன்சூரன்ஸ்காரனை அடிக்காத குறை.

இந்த வருடம் ஜூன் மாதம்தான் கடிதம் வந்தது. பரிசோதகர் நேரில் வந்து வண்டியைத் திறப்பார், ஜூலை பத்தாம் தேதி. கஜா மிஸ் கடிதத்தைக் கொண்டுவந்து எனக்கு வாசித்துக் காட்டினார். பால் போடாத பிளேன்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். என் கராஜில் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தது அன்றைக்குத்தான்.

ஜூலை முதலாம் தேதி காய்ச்சல். டெங்கு என்றார்கள். மழை பெய்து சந்து முழுக்க நுளம்பு. ஐந்தாம் நாள் போய்விட்டார். அறுபத்திரண்டு வயது. இப்படிப் போகிற வயதா அது? நெருப்புக்குத் தப்பி, கம்பனிக்குத் தப்பி, ஒரு நுளம்புக்கு! யாரைப் பிடித்து உதைப்பது என்று தெரியவில்லை எனக்கு.

செத்த வீட்டுக்கு ஏஜன்சி மலர்வளையம் அனுப்பியது. பெயர் போட்ட ரிப்பனோடு. நான் அதைத் தூக்கி வீதியில் எறியப் போனேன், ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் கழுத்துப்பட்டி கட்டிய ஒருத்தன் படியேறி வந்து, "அம்மா, வண்டி சும்மா கிடக்குதே, நல்ல விலைக்கு எடுக்கிறோம்" என்றான். வடிவம்மா அக்கா கதிரையை விட்டு எழும்பவில்லை.

"எடுங்க தம்பி. இந்த வண்டியில ஒரு பழுதும் இல்லைன்னு முதல்ல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. சாவியை உடனே தாறேன்."

அவன் வந்த வழியே இறங்கினான். முறைப்பாட்டுக்காரர் இறந்தால் விசாரணை முடிந்தது என்று சொல்லப் பார்த்தார்கள். வண்டி இப்போது என்னுடையது, முறைப்பாடும் என்னுடையது என்று அக்கா எழுதிக் கொடுத்தார். ஜூலை பத்து தள்ளிப்போய், ஆகஸ்ட் பதினான்காம் தேதி பரிசோதகர் வருகிறார்.

நான் கஜா மிஸ்ஸைக் கடைசியாகப் பார்த்தது வார்டில், போவதற்கு முதல் நாள். கையில் சேலைன். முகம் வீங்கி, உதடு காய்ந்து போயிருந்தது. கொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். என்னைக் கண்டதும் நர்ஸ் மிஸ்ஸைப் போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"பாஸ், என் வண்டியைத் திறந்தா ஒரு வண்டிதான். ஒரு வண்டி மட்டும் பிழையா வந்திருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவான். ரீகோல் பண்ண மாட்டான்."

"தெரியும் மிஸ்."

"நீங்க டியூப் போட்ட ஒவ்வொரு வண்டியிலயும் வயர் உரசியிருந்ததைக் கண்ணால பார்த்தது நீங்க ஒரு ஆள்தான். எனக்கு ஒன்றரை வருஷமா இது தெரியும். உங்க பெயரை மறுபடி அவன் வாயில போட மனசு வரல, அதனால கேக்கல. இப்ப கேக்கிறேன்."

"நான் எழுதினா, நாலாம் வகுப்புக்காரன் அத்தனை வண்டியையும் கெடுத்துட்டான்னுதான் சொல்வான் மிஸ். கராஜை மூடிட்டுப் போக வேண்டியதுதான்."

"சொல்வான்" என்றார். மறுக்கவில்லை. அந்த மனுஷி கடைசிவரைக்கும் பொய் சொல்லிச் சமாதானப்படுத்தவில்லை.

"எனக்கு எழுத வராது மிஸ்."

கொப்பியை இழுத்து என் கையில் வைத்தார். விரல் சுட்டது.

"கொப்பியில எல்லாரையும் கேட்டு, உங்க கராஜுக்கு வந்த வண்டிக்குப் புள்ளி வச்சிருக்கேன். முப்பத்தொண்ணு. ஒவ்வொரு நம்பருக்கும் கீழ, டியூப் போட்டது நான்தான்னு எழுதுங்க. போடும்போது வயர் எவ்வளவு தேஞ்சிருந்துச்சுன்னு எழுதுங்க. திட்டி எழுதாதீங்க. எழுதிக் கையெழுத்துப் போட்டு, பரிசோதகர் கையிலயே குடுங்க. ஒண்ணுகூட விடாதீங்க பாஸ்."